அதே சிப், அதே கேம், ஆனா வேற மாதிரி: ஆர்கேட் ஹெலிகாப்டர் ஷூட்டர் வீட்டு கன்சோலுக்கு வந்தப்போ என்னென்ன மாறுச்சு

பழைய ஆர்கேட் (கடையில காசு போட்டு ஆடுற மெஷின்) ஷூட்டிங் கேம் பத்தி பேச்சு எடுத்தாலே ஒரு கேள்வி கண்டிப்பா வரும். ஜப்பான்ல டோவாப்ளான் கம்பெனி 1987-ல பண்ணின ஹெலிகாப்டர் கேம் ஒண்ணு இருக்கு, அங்க பேரு 'க்யூக்யோகு டைகர்', வெளிநாட்டுல 'ட்வின் கோப்ரா'. அதோட ஆர்கேட் போர்டுல மெயின் சிப் மோட்டரோலா 68000, 7 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், சவுண்டுக்கு தனியா ஒரு இசட்80. சேகாவோட மெகா டிரைவ் கன்சோல்ல என்ன இருக்குன்னு பாத்தா அதுலயும் 68000, அதுவும் 7.67 மெகாஹெர்ட்ஸ், கூடவே இசட்80. அதாவது வீட்டு மெஷின் கொஞ்சம் வேகம் கூட. அப்புறம் ஏன் 1991-ல வந்த மெகா டிரைவ் வெர்ஷன் பாக்கவும் கேக்கவும் ஆடவும் ஆர்கேட் மாதிரி இல்ல? போர்ட் பண்ணினவங்க சோம்பேறியா?

சோம்பேறித்தனம் சில போர்ட்ல உண்டுதான், மறுக்கல. ஆனா பெரும்பாலான வித்தியாசத்துக்கு காரணம் சிபியு, அதாவது அந்த மெயின் சிப் கிட்ட இல்லவே இல்ல. திரையோட வடிவம், வீடியோ சிப், திரை வினாடிக்கு எத்தனை தடவை புதுசாகுதுங்கிறது, காசு போடுற வியாபாரம், இந்த நாலும்தான் கேமை மாத்துது. ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல மூணு வார்த்தை

1. போர்ட்: ஒரு மெஷினுக்கு எழுதின கேமை இன்னொரு மெஷின்ல ஓடுற மாதிரி திரும்ப எழுதுறது. 80கள்ல பல தடவை ஒரிஜினல் கோடே போர்ட் டீம் கைக்கு வராது, ஆர்கேட் மெஷினை ஆடிப் பாத்து, எதிரி எங்க வருது எப்போ சுடுதுன்னு குறிச்சு வச்சு மொத்தத்தையும் புதுசா பண்ணுவாங்க.

2. எமுலேஷன்: பழைய போர்டு எப்படி நடந்துக்கும்னு சாஃப்ட்வேர்ல போலச் செஞ்சு, அதுல ஒரிஜினல் ப்ரோக்ராமையே ஓட்டுறது. இங்க கேமை யாரும் திரும்ப எழுதல.

3. ரீமேக்: கதையும் ஐடியாவும் மட்டும் எடுத்துக்கிட்டு புது கேம் பண்றது.

இன்னிக்கு ஆன்லைன் ஸ்டோர்ல வர்ற பழைய ஆர்கேட் கேம்ல நிறைய எமுலேஷன், அன்னிக்கு கார்ட்ரிட்ஜ்ல வந்தது போர்ட். ரெண்டையும் ஒரே தராசுல வச்சு "இது ஆர்கேட் மாதிரியே இருக்கு, அது இல்ல"ன்னு சண்டை போடுறதுலதான் பாதி குழப்பம் ஆரம்பிக்குது.

சிபியு ஒண்ணா இருந்தா ஏன் பத்தல

சிபியு வேலை கணக்கு போடுறது. ஹெலிகாப்டர் எங்க இருக்கு, குண்டு எங்க போகுது, எது எது மேல மோதிச்சு, அவ்வளவுதான். அதைத் திரையில வரையுறது வீடியோ சிப். ட்வின் கோப்ரா போர்டுல பின்னணிக்கும் எழுத்துக்குமா சேர்த்து மூணு லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற படத் தட்டு), அதுக்கு மேல நகர்ற பொருளுக்கு ஸ்ப்ரைட், அதாவது தனியா நகர்த்தக்கூடிய சின்னப் படம். போதாக்குறைக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட டிஎம்எஸ்320சி10னு ஒரு கணக்கு சிப்பும் தனியா அந்த போர்டுல உக்காந்திருக்கு, மெகா டிரைவ்ல அப்படி ஒண்ணு கிடையாது. 68000-க்கு எழுதின கோடுல கணக்கு பகுதி வேணா அப்படியே நகரும், வீடியோவையும் சவுண்டையும் தொடுற ஒவ்வொரு வரியும் மாறியே ஆகணும்.

ஒரே கேம் மூணு கன்சோலுக்கு வந்ததால ஒப்பிட வசதியா இருக்கு:

1. ஃபேமிகாம் (1989): 8-பிட் சிபியு, வெறும் 1.79 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஒரு பின்னணி லேயர். திரையில மொத்தம் 64 ஸ்ப்ரைட், ஒரே கிடைக்கோட்டுல 8 தான். ஒரே சமயத்துல சுமார் 25 கலர். மெயின் மெமரி 2 கிலோபைட்.

2. பிசி என்ஜின் (1989): சிபியு 8-பிட் தான், ஆனா 7.16 மெகாஹெர்ட்ஸ். பின்னணி லேயர் ஒண்ணுதான். 64 ஸ்ப்ரைட், கோட்டுக்கு 16. கலர் மட்டும் தாராளம், 512-ல 482 வரை ஒரே நேரத்துல காட்டலாம்.

3. மெகா டிரைவ் (1991): ரெண்டு பின்னணி லேயர், 80 ஸ்ப்ரைட், கோட்டுக்கு 20. ஆனா கலர் 512-ல 61 தான், அதுவும் 16 இடம் கொண்ட நாலு பேலட்டா (கலர் தொகுப்பு) பிரிச்சு.

இங்க கவனிச்சா ஒரு வேடிக்கை தெரியும். "16-பிட்"னு பெருமையா சொன்ன மெகா டிரைவ் கலர்ல "8-பிட்" பிசி என்ஜின் கிட்ட தோத்துடுது, லேயர்லயும் ஸ்ப்ரைட்லயும் ஜெயிக்குது. அதனால பிட் எண்ணிக்கையை வச்சு எந்த போர்ட் பெட்டர்னு முடிவு பண்றது சரியா வராது, இந்த கேமுக்கு எது முக்கியமோ அதை எந்த மெஷின் நல்லா பண்ணும்னுதான் பாக்கணும்.

திரை: உண்மையான பெரிய பிரச்சனை

என்னைக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இதுதான் கேமை அதிகமா மாத்தினது, ஆனா இதைப் பத்திதான் கம்மியா பேசுறாங்க.

ஆர்கேட்ல ட்வின் கோப்ராவோட மானிட்டரை பக்கவாட்டுல திருப்பி நிக்க வச்சிருப்பாங்க. அகலம் 240 பிக்சல், உயரம் 320. ஹெலிகாப்டர் கீழ இருக்கும், எதிரி மேல இருந்து வரும், அதனால உயரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற டைம். வீட்டு டிவி படுத்த வாக்குல இருக்கு. மெகா டிரைவ் காட்டுறது 320 அகலம், 224 உயரம். 320 உயரம் 224 ஆனா 96 பிக்சல் போச்சு, அதாவது முன்னாடி தெரியுற தூரத்துல 30 சதவீதம் காலி.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு குண்டு ஃப்ரேமுக்கு, அதாவது திரை ஒரு தடவை புதுசாகுறதுக்குள்ள, 4 பிக்சல் நகருதுன்னு வச்சுக்கோங்க. ஆர்கேட் திரையில மேல இருந்து கீழ வர 80 ஃப்ரேம். வீட்டு திரையில 56 ஃப்ரேம். குண்டோட வேகத்தை யாரும் தொடல, ஆனா தப்பிக்க கிடைக்கிற நேரம் அதே 30 சதவீதம் குறைஞ்சுடுச்சு. படத்தோட சைஸும் இதுல சேரும், 32 பிக்சல் உயர டாங்கி ஆர்கேட்ல உயரத்துல 10 சதவீதம் பிடிக்கும், இங்க 14 சதவீதத்துக்கு மேல, அதனால எல்லாமே மூஞ்சிக்கு நேரா வர்ற மாதிரி தோணும். பக்கவாட்டுல இதுக்கு நேர் எதிர். 240 இருந்த இடம் 320 ஆனதால ஒதுங்க இடம் ஜாஸ்தி, ஆனா சுட்டு முடிக்கவேண்டிய எதிரி அந்தக் கோடியில நிக்கும். பவர்-அப் ஐகான் வேற சும்மா இருக்காது, சிவப்பு நீலம் பச்சை மஞ்சள்னு கலர் மாறிக்கிட்டே திரையில சுத்தும், வேணுங்கிற கலர் வர்றப்போ போய் எடுக்கணும், அகலம் கூடினா அதைத் துரத்துற தூரமும் கூடும்.

இதுக்கு போர்ட் பண்றவங்க கிட்ட மூணு வழி இருந்துச்சு:

1. திரையை முழுசா நிரப்புறது. அப்போ எதிரி வர்ற இடம், நேரம், குண்டு வேகம் எல்லாத்தையும் திரும்ப அளந்து வைக்கணும். ஒழுங்கா அளந்தா நல்ல போர்ட், அளக்காம விட்டா கொடூரமா கஷ்டமான கேம்.

2. பக்கத்துல ஒரு பட்டை ஒதுக்கி ஸ்கோர், உயிர், பாம் எண்ணிக்கையை அங்க போடுறது. ஆடுற இடம் கிட்டத்தட்ட சதுரமா ஆயிடும். டோவாப்ளானே போர்ட் பண்ணின 'டாட்சுஜின்' மெகா டிரைவ் வெர்ஷன்ல இதைத்தான் பண்ணாங்க. ஹெலிகாப்டர் இல்ல, அது விண்வெளி கேம், ஆனா பிரச்சனை அதேதான்.

3. டிவியையே திருப்பி வைக்கச் சொல்றது. பின்னாடி பிளேஸ்டேஷன், சாட்டர்ன் காலத்து ஷூட்டர்கள்ல 'டாட்டே மோட்'னு இது ஒரு ஆப்ஷனாவே வந்துச்சு. கனமான ட்யூப் டிவியைத் திருப்பி வைக்கிறது எவ்வளவு நல்ல யோசனைங்கிறதை அவங்கவங்க முடிவுக்கே விட்டுடலாம்.

மினுக்கல் எங்க இருந்து வருது

ஃபேமிகாம்ல கோட்டுக்கு 8 ஸ்ப்ரைட்னு மேல சொன்னோம். ஒரு ஸ்ப்ரைட் 8 பிக்சல் அகலம்தான். 32 பிக்சல் அகல ஹெலிகாப்டர் வரையணும்னா ஒரே கோட்டுல 4 ஸ்ப்ரைட் போயிடும், மிச்சம் நாலுதான். அதே உயரத்துல ரெண்டு டாங்கியும் மூணு குண்டும் வந்தா ஒன்பதாவது ஸ்ப்ரைட்ல இருந்து சிப் வரையவே வரையாது, ஆனா அந்தக் குண்டு சிபியு கணக்குல இருக்கு, உங்களைக் கொல்லவும் செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத குண்டால சாகுறதை விட மினுக்குற குண்டு பரவாயில்லைன்னு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஸ்ப்ரைட் வரிசையை மாத்தி மாத்தி விடுவாங்க. இந்த ஃப்ரேம்ல காணாமப் போனது அடுத்த ஃப்ரேம்ல தெரியும். நிறைய பேர் பக் (bug)னு திட்டுற மினுக்கல் உண்மையில வேணும்னே பண்ணின ஏற்பாடு. டோவாப்ளானோட முந்தின ஹெலிகாப்டர் கேம் 'டைகர்-ஹெலி' (ஆர்கேட் 1985), அதோட ஃபேமிகாம் போர்ட் 1986, அதுலயும் இந்த வரம்பு இதேதான்.

பெரிய பாஸ் எதிரியை ஸ்ப்ரைட்ல வரைய முடியாதுன்னு பின்னணி லேயர்லயே வரையுற தந்திரமும் அந்தக் காலத்துல ரொம்ப சகஜம். லேயர் ஒண்ணே ஒண்ணுங்கிறதால அப்புறம் பாஸுக்குப் பின்னாடி தரை காட்ட முடியாது. ஃபேமிகாம் கேம்கள்ல பாஸ் வந்தா திடீர்னு சுத்தி கருப்பா ஆயிடுறது பெரும்பாலும் இதனாலதான்.

55-க்கும் 60-க்கும் நடுவுல

இது ரொம்ப பேருக்குத் தெரியாத விஷயம். ட்வின் கோப்ரா போர்டு திரையை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்காது, சுமார் 54.9 தடவைதான். ஜப்பான், அமெரிக்கா டிவிகளுக்கான கன்சோல் சுமார் 59.9 தடவை. கேம் "ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவு நகரு"ன்னுதான் எழுதியிருக்கும், வினாடிக் கணக்குல இல்ல. எண்ணை மாத்தாம அப்படியே கொண்டு போனா கேம் 9 சதவீதம் வேகமா ஓடும்.

மேல போட்ட குண்டு கணக்கோட இதையும் சேருங்க. ஆர்கேட்ல 80 ஃப்ரேம்னா 1.46 வினாடி. வீட்டுல 56 ஃப்ரேம்னா 0.93 வினாடி. போர்ட் பண்றவர் எதையுமே மோசமா பண்ணல, அப்படியே உண்மையா காப்பி பண்ணார்னு வச்சுக்கோங்க, அப்பவும் ஆடுறவருக்குக் கிடைக்கிற நேரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல காணாமப் போயிடுது. இதனாலதான் அப்படியே காப்பி பண்ணாம எண்களைத் திருத்தின போர்ட் ஆர்கேட்டோட ஃபீலுக்கு கிட்ட வருதுன்னு நான் சொல்வேன், கேக்க முரணா இருந்தாலும்.

சவுண்ட்

ஆர்கேட்ல இருந்தது யமஹாவோட ஒய்எம்3812. அதேதான் அந்தக் கால பிசி ஆட்லிப் சவுண்ட் கார்டுலயும் இருந்தது. 9 சேனல் (ஒரே நேரத்துல 9 ஒலி), ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஆபரேட்டர் (ஒலியை உருவாக்கச் சேர்க்கிற அலை). மெகா டிரைவ்ல ஒய்எம்2612, 6 சேனல், ஆனா 4 ஆபரேட்டர். ரெண்டும் யமஹா, ரெண்டும் எஃப்எம் (ஒரு அலையால இன்னொரு அலையை மாத்தி ஒலி உண்டாக்குற முறை), ஆனா ஒண்ணுக்கு அமைச்ச இசைக்கருவி ஒலி இன்னொண்ணுல அப்படியே வராது, ஒவ்வொரு ஒலியையும் புதுசா அமைக்கணும், 9 சேனல் இசையை 6-ல அடக்கணும், அதுலயே குண்டு வெடிக்கிற சத்தத்துக்கும் இடம் விடணும். பிசி என்ஜின்ல எஃப்எம் கிடையாது, அலைவடிவத்தை வரைஞ்சு கொடுக்கிற 6 சேனல். ஒரே பாட்டு மூணு கன்சோல்லயும் மூணு பாட்டா கேக்குறது அதனாலதான்.

காசு போடுற மெஷினும் வாங்கி வச்ச மெஷினும்

ஆர்கேட் கேம் உங்களைச் சீக்கிரம் தோக்கடிக்கணும், ஆனா "இன்னொரு தடவை ஆடினா தாண்டிடலாம்"னு தோணவும் வைக்கணும். வீட்டு கேமை ஒரு தடவை விலை கொடுத்து வாங்கியாச்சு, அரை மணி நேரத்துல முடிஞ்சாலும் தப்பு, முதல் லெவலையே தாண்ட முடியலைன்னாலும் தப்பு. அதனால போர்ட்ல கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆப்ஷன், உயிர் எண்ணிக்கை, கன்டின்யூ எண்ணிக்கை இதெல்லாம் வந்து சேரும்.

இதுல இன்னொரு சிக்கல், ஆர்கேட்லயே ரெண்டு வெர்ஷன் இருக்கு:

1. ஜப்பான் 'க்யூக்யோகு டைகர்': ரெண்டு பேர் ஆடினா மாறி மாறிதான். செத்தா பின்னாடி இருக்கிற செக்பாயின்டுக்குப் போகணும், அதுவும் சேத்து வச்ச ஆயுத பலம் எல்லாம் போய், வெறும் துப்பாக்கியோட.

2. வெளிநாட்டு 'ட்வின் கோப்ரா': ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆடலாம். செத்தா அதே இடத்துல அடுத்த ஹெலிகாப்டர் வந்துடும்.

ரெண்டாவது பாக்க சுலபமா தெரியும், சுலபம்தான், ஆனா காசு போட்டுக்கிட்டே இருந்தா கடைசி வரை போகலாம்ங்கிறதுதான் அதுல இருக்கிற வியாபாரம். முதல் வகையில அப்படி முடியாது, அந்த இடத்தை நிஜமாவே ஆடித் தாண்டணும். ஆகவே "இந்த போர்ட் ஒரிஜினல் மாதிரி இல்ல"ன்னு யாராவது சொன்னா எந்த ஒரிஜினல்னு முதல்ல கேக்கணும்.

தண்டர் பிளேட்: வேற ரகப் பிரச்சனை

அதே 1987-ல சேகா விட்ட 'தண்டர் பிளேட்' இன்னொரு ஹெலிகாப்டர் கேம். கட்டடங்களுக்கு நடுவுல பறக்குற மாதிரி, ஹெலிகாப்டருக்குப் பின்னாடி இருந்து பாக்குற பார்வை அதுல உண்டு. அதோட எக்ஸ் போர்டுல 12.5 மெகாஹெர்ட்ஸ் 68000 ரெண்டு, அது போக ஸ்ப்ரைட்டைப் பெருசாக்கவும் சின்னதாக்கவும் தனி ஹார்ட்வேர். தூரத்துல புள்ளியா இருக்கிற கட்டடம் கிட்ட வர வர வழவழன்னு பெருசாகுறது அந்த ஹார்ட்வேரோட வேலை.

மெகா டிரைவ்ல அந்த ஹார்ட்வேர் இல்ல. 1988 அக்டோபர்ல ஜப்பான்ல கன்சோல் வெளிவந்தப்போவே கூட வந்த 'சூப்பர் தண்டர் பிளேட்' அதே பாணியைத்தான் அந்த மெஷின்ல காட்டப் பாத்துச்சு. ஹார்ட்வேர் இல்லாம இதைப் பண்ண ஒரே நடைமுறை வழி, ஒவ்வொரு பொருளையும் பல சைஸ்ல முன்கூட்டியே வரைஞ்சு கார்ட்ரிட்ஜ்ல வச்சு, கிட்ட வர வர படத்தை மாத்துறது. சைஸ் எண்ணிக்கை கூடினா அசைவு வழவழன்னு இருக்கும், ஆனா மெமரி தின்னும். அந்தக் காலத்துல "4 மெகா"ன்னு அட்டையில போட்டா அது மெகாபிட், பைட்ல சொன்னா வெறும் 512 கிலோபைட். அதுக்குள்ள எத்தனை கட்டடத்தை எத்தனை சைஸ்ல வைக்க முடியும்? அதனால படிப்படியா தாவித் தாவி பெருசாகும். ட்வின் கோப்ரா மாதிரி தட்டையான கேமை நல்லா ஆடக்கூடிய போர்ட்டா மாத்த வாய்ப்பு இருந்துச்சு, தண்டர் பிளேட் மாதிரி கேம்ல அந்த வாய்ப்பே ரொம்பக் கம்மி, ஏன்னா இங்க அந்த ஹார்ட்வேர்தான் கேமே.

எதிர்த்திசையில போன கதையும் உண்டு. டான் கோர்லின் எழுதின 'சாப்லிஃப்டர்' 1982-ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குத்தான் முதல்ல வந்துச்சு, 1985-ல சேகா அதை ஆர்கேடுக்குக் கொண்டு போச்சு, அப்புறம் அந்த ஆர்கேட் வெர்ஷன்தான் மாஸ்டர் சிஸ்டம் கன்சோலுக்கு வந்துச்சு. வீட்டு வெர்ஷன்ல பொறுமையா பறந்து பிணைக்கைதிகளைக் காப்பாத்தலாம், ஆர்கேடுக்குப் போனதும் எரிபொருள் மீட்டர் ஒண்ணு வந்து ஒட்டிக்கிச்சு. காசு போட்டவர் அங்கயே சுத்திக்கிட்டு இருக்கக் கூடாதில்ல.

இப்போ எந்த வெர்ஷன் ஆடுறது

டோவாப்ளான் 1994-ல மூடியாச்சு. ஆனா 2021-ல எம்2 கம்பெனி டைகர்-ஹெலி, க்யூக்யோகு டைகர், ட்வின் கோப்ரா மூணையும் சேர்த்து பிளேஸ்டேஷன் 4-க்கும் ஸ்விட்சுக்கும் விட்டாங்க. இப்படி எமுலேஷன்ல ஆர்கேட் ப்ரோக்ராமே ஓடுறதால ஸ்ப்ரைட், கலர், சவுண்ட் பிரச்சனை எல்லாம் பெரும்பாலும் தீர்ந்துச்சு. தீராதது மூணு:

1. புதுப்பிப்பு வேகம். 54.9-ஐ 60 ஹெர்ட்ஸ் டிவியில காட்டினா ஒண்ணு வேகம் கூடும், இல்ல அப்பப்போ ஒரே ஃப்ரேம் ரெண்டு தடவை வந்து லேசா வெட்டும். கன்சோலும் டிவியும் மாறும் புதுப்பிப்பு வேகத்தை சப்போர்ட் பண்ணி, அந்த கேமும் அதைப் பயன்படுத்தினாதான் இது சரியாகும்.

2. தாமதம். பட்டனை அழுத்தினதுக்கும் திரையில தெரியுறதுக்கும் நடுவுல 3 ஃப்ரேம் கூடினா 50 மில்லி வினாடி. அதுக்குள்ள நம்ம கணக்குக் குண்டு 12 பிக்சல் வந்துடும். டிவியில கேம் மோடை ஆன் பண்ணாம "எமுலேஷன் மோசம்"னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

3. திரை வடிவம், மறுபடியும் அதேதான். 1920க்கு 1080 டிவியில நிமிர்ந்த 3:4 படத்தை முழு உயரத்துக்குக் காட்டினா அகலம் 810 பிக்சல், மொத்தத் திரையில 42 சதவீதம். ரெண்டு பக்கமும் கருப்பு இல்லேன்னா அலங்காரப் படம்.

திருப்பக்கூடிய மானிட்டர் இருந்தா எமுலேஷனுக்குப் போயிடுங்க, வேற யோசனையே வேண்டாம். தூரத்துல உக்காந்து டிவியில ஆடுறவர்னா அந்த 42 சதவீதத்துக்குள்ள சின்னக் குண்டைத் தேடணும், அங்க பழைய பிசி என்ஜின், மெகா டிரைவ் போர்ட்டையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, அதெல்லாம் படுத்த திரைக்குன்னே பண்ணினது. ரெண்டுல ஒண்ணுன்னா கலருக்காக நான் பிசி என்ஜினை எடுப்பேன். ஃபேமிகாம் வெர்ஷன் அந்தச் சின்ன சிப்புல எவ்வளவு தூரம் போயிருக்காங்கன்னு பாக்க மட்டும்.